எக்ஸோடியா, பேராசைப் பானை, ட்ராப் கார்டு: யூ-கி-ஓ மேற்கோள்களைப் பிடித்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

ஒரு கேம் ஸ்ட்ரீமின் சாட்டில் யாரோ "எக்ஸோடியா சேர்ந்துடுச்சு" என்று எழுதுகிறார்கள். ஒரு மீமில் பச்சைப் பானை ஒன்று பல்லைக் காட்டிச் சிரிக்கிறது, கீழே "இது என்ன செய்யும்?" என்ற கேள்வி. இன்னொன்றில் வாக்குவாதத்தில் தோற்ற ஒருவரின் படத்துக்கு மேல் ஊதா-சிவப்புக் கட்டம் போட்ட சீட்டு. மூன்றும் யூ-கி-ஓ என்ற ஜப்பானிய சீட்டாட்டத் தொடரிலிருந்து வந்தவை. இவற்றைப் பகிர்பவர்களில் பலர் அந்தச் சீட்டைக் கையில் தொட்டதே இல்லை. படம் பார்க்காதவர் வாயிலும் வடிவேலு வசனம் புரள்கிற மாதிரிதான் இதுவும்.

புதிதாக வருபவர் 224 அத்தியாயங்களையும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. ஐந்தாறு சீட்டுகளின் விதியும், ஒரு வசனம் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கமும் இருந்தால் பெரும்பாலானவை புரிந்துவிடும். இரண்டில் அடுக்குதான் முக்கியம். தப்பான மேற்கோள்களில் பெரும்பாலானவை ஒரு அடுக்கின் வசனத்தை இன்னொரு அடுக்கின் தலையில் கட்டியதால் வந்தவை.

முதல் படி: அடுக்குகளைப் பிரியுங்கள்

அடியில் இருப்பது மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. கஸுகி தகஹாஷி 1996 முதல் 2004 வரை ஷோனென் ஜம்ப் வார இதழில் வரைந்தது. தொடக்கத்தில் அது சீட்டாட்டக் கதையே இல்லை. வாரம் ஒரு விளையாட்டு, தோற்றவனுக்கு ஒரு கொடூரமான தண்டனை என்று போனது. சீட்டு வந்தபோது அதற்கு வைத்த பெயர் 'மேஜிக் அண்ட் விஸார்ட்ஸ்'. மேஜிக்: தி கேதரிங் என்ற அமெரிக்கச் சீட்டாட்டத்துக்கும் அதை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்துக்கும் வெளிப்படையான சலாம் அது. அதாவது, இன்று எல்லோரும் மேற்கோள் காட்டும் இந்தத் தொடரே ஒரு மேற்கோளிலிருந்துதான் முளைத்தது.

அதற்கு மேல் ஜப்பானிய அனிமே, அதாவது டிவி கார்ட்டூன் தொடர். பரவலாக எல்லோரும் சொல்வது 2000 ஏப்ரல் முதல் 2004 செப்டம்பர் வரை டிவி டோக்கியோவில் ஓடிய 'டூயல் மான்ஸ்டர்ஸ்'. 1998இல் தோயி நிறுவனம் எடுத்த 27 அத்தியாயத் தொடர் வேறு. அதிலிருந்து வரும் மேற்கோள்கள் குறைவு.

அதற்கும் மேல் ஃபோர்கிட்ஸ் நிறுவனத்தின் ஆங்கில டப்பிங், 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் தொடங்கியது. ஆங்கில இணையத்தில் சுற்றுகிற வசனங்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான். 2006இல் லிட்டில்குரிபோ என்ற பெயரில் மார்ட்டின் பில்லனி யூடியூபில் தொடங்கிய 'அப்ரிட்ஜ்ட்' என்ற கேலித் தொடர் இதற்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது. பழைய காட்சிகளை வெட்டி ஒட்டி, புதுக் குரல் கொடுத்து, கதையையே கிண்டல் செய்த தொடர் அது.

இவற்றுக்குப் பக்கத்தில், தனியாக, நிஜச் சீட்டாட்டம் இருக்கிறது. கொனாமி நிறுவனம் 1999இல் ஜப்பானிலும் 2002இல் வட அமெரிக்காவிலும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் விதிகளும் அனிமேயில் காட்டும் விதிகளும் ஒன்றல்ல. நிஜத்தில் ஆளுக்கு 8000 லைஃப் பாயிண்ட், அது பூஜ்யமானால் தோல்வி. அனிமேயில் தொடக்கப் போட்டியில் 2000, பிறகு 4000. யாராவது "4000தானே ஆரம்பம்?" என்று கேட்டால் அவர் டிவி வழியாக வந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுக்கைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. வசனம் தன்னையே கேலி செய்துகொண்டாலோ, சனிக்கிழமை காலைக் குழந்தைகள் நிகழ்ச்சியில் வரவே முடியாத சொல் இருந்தாலோ, அது அப்ரிட்ஜ்ட். "ரூல்ஸாவது மண்ணாவது, என்கிட்ட காசு இருக்கு!" என்று நாயகனின் போட்டியாளனான பணக்கார கைபா சொல்வதாகச் சுற்றும் வரி அப்படிப்பட்டது. அதிகாரபூர்வ டப்பிங்கில் அதைத் தேடி மெனக்கெட வேண்டாம், கிடைக்காது.

இரண்டாம் படி: எக்ஸோடியா

இதை மட்டும் கொஞ்சம் ஊன்றிப் படியுங்கள். சீட்டாட்டத்தை விட்டு வெளியே அதிக தூரம் போன சொல் இதுதான்.

மொத்தம் ஐந்து சீட்டு: தலை, இரண்டு கை, இரண்டு கால். தலைக்குத் தாக்குதல் 1000, தற்காப்பு 1000. கை கால் ஒவ்வொன்றும் 200க்கு 300. தனித்தனியாக எடுத்தால் ஐந்தும் சோப்ளாங்கி. ஆனால் ஐந்தும் ஒரே நேரத்தில் கையில் இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, வைத்திருப்பவருக்கு வெற்றி. எதிராளியின் லைஃப் எவ்வளவு மிச்சம் என்பது கணக்கிலேயே வராது. ஒவ்வொரு துண்டிலும் ஒன்றுக்கு மேல் டெக்கில், அதாவது ஆட்டக்காரரின் சீட்டுக்கட்டில், வைக்கவும் கூடாது.

டூயல் மான்ஸ்டர்ஸின் முதல் அத்தியாயத்திலேயே, கைபா தன் மூன்று நீலக்கண் வெண்டிராகன்களை இறக்கி ஜெயித்துவிட்டோம் என்று நிமிர்ந்து நிற்கும்போது நாயகன் யூகி ஐந்தாவது துண்டை இழுக்கிறான். நடக்கவே நடக்காது என்று நினைத்தது நடந்துவிட்ட அதிர்ச்சி கைபாவின் முகத்தில். அந்த முகம்தான் மீம்.

நடப்பது எவ்வளவு அரிது என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 40 சீட்டு டெக்கிலிருந்து முதல் கையாக 5 சீட்டு எடுக்கும் வழிகள் 6,58,008. ஐந்தும் எக்ஸோடியாத் துண்டாக அமைவது அதில் ஒரே ஒரு வழி. அதனால் நிஜ ஆட்டக்காரர்கள் அதிர்ஷ்டத்தை நம்புவதில்லை. சீட்டை வேகமாக இழுக்க உதவும் சீட்டுகளால் டெக்கை நிரப்பி, முழு டெக்கையும் கரைத்துத் துண்டுகளைச் சேர்ப்பார்கள்.

இந்தச் சொல்லைப் பயன்படுத்த இரண்டு நிபந்தனைகள்: பல துண்டுகள் சேர வேண்டும்; சேர்ந்த கணத்தில் ஆட்டம் முடிய வேண்டும். வெறுமனே பலமான ஒன்றைப் பார்த்து "எக்ஸோடியா" என்றால் விஷயம் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். சரியான பயன்பாட்டுக்கு ஹார்த்ஸ்டோன் என்ற கணினிச் சீட்டாட்டத்தைப் பாருங்கள். 2017இல் அங்கே 'எக்ஸோடியா மேஜ்' என்றொரு டெக் பெயர் பெற்றது. மந்திரங்களின் விலையை ஒவ்வொன்றாகக் குறைக்கும் நான்கு சீடர்கள், மந்திரம் போடும்போதெல்லாம் ஒரு நெருப்புப் பந்தைக் கையில் தரும் அன்டோனிடாஸ் ஒருவர். 4 மானா (சீட்டுப் போடச் செலவாகும் சக்தி) விலையுள்ள நெருப்புப் பந்து அப்போது நான்கு சீடர்களால் இலவசமானது. அதற்கப்புறம் எதிராளி சாகும்வரை பந்து, பந்து, பந்து. துண்டும் ஐந்து, முடிவும் உடனடி, பெயர் கச்சிதம். அதே ஆண்டு வந்த 'எக்ஸோடியா பாலடின்' இன்னும் நேரடி: நான்கு குதிரை வீரர்களையும் களத்தில் ஒன்றாக நிறுத்திவிட்டால் எதிரி நாயகன் அந்த இடத்திலேயே அழிவான்.

அடிக்கடி நடக்கும் பிழை, "எக்ஸோடியாவை சம்மன் பண்றேன்" என்பது. அனிமேயில் பிரம்மாண்ட உருவம் வானத்தைப் பிளந்துகொண்டு வருவதால் அப்படித் தோன்றும். நிஜ விதியில் எதையும் களத்தில் இறக்கவே வேண்டாம், கையிலிருப்பதைக் காட்டினால் போதும்.

மூன்றாம் படி: பச்சைப் பானை

பேராசைப் பானை என்ற இந்த மந்திரச் சீட்டின் விதி ஒரே வரி: இரண்டு சீட்டு இழு. அவ்வளவுதான். டிவியில் யார் இதைப் போட்டாலும் "இதன் மூலம் நான் டெக்கிலிருந்து இரண்டு சீட்டு இழுக்கலாம்" என்று ஒவ்வொரு முறையும் விளக்கிச் சொல்வார்கள், எதிரே நிற்பவர் உலக சாம்பியனாக இருந்தாலும். அன்றைக்குத்தான் டிவி போட்ட குழந்தைக்கும் புரிய வேண்டுமே என்பதற்காக வைத்தது, பார்த்துப் பார்த்துச் சலித்தவர்களிடம் நகைச்சுவையாகிவிட்டது. "பானை என்ன செய்யும்?" என்ற கேள்வியின் வேடிக்கை அங்கேதான். பதில் தெரியாதவர் யாருமே இல்லை.

நிஜ ஆட்டத்தில் இந்தச் சீட்டு பல ஆண்டுகளாகத் தடைப்பட்டியலில் இருக்கிறது. ஒரு சீட்டைக் கொடுத்து இரண்டு வாங்குகிறீர்கள், வேறு செலவே இல்லை. அனுமதித்தால் எல்லா டெக்கிலும் அது இருந்தாக வேண்டும். பின்னால் வந்த பானைகளுக்கெல்லாம் ஒரு விலை வைத்தார்கள். ஆசைப் பானை இரண்டு சீட்டு தரும், ஆனால் அதற்கு முன் டெக்கின் மேலிருந்து 10 சீட்டைக் கவிழ்த்தபடியே ஆட்டத்தை விட்டு விலக்க வேண்டும்.

இப்போது பழகிப் பார்க்க ஒரு வரி. "பேராசைப் பானையை சம்மன் செய்து கூடுதலாக மூன்று சீட்டு இழுக்கிறேன்" என்று இணையத்தில் ஒன்று சுற்றுகிறது. எங்கெல்லாம் தப்பு என்று பாருங்கள். மந்திரச் சீட்டை சம்மன் செய்ய முடியாது, ஆக்டிவேட்தான் செய்ய முடியும். இழுப்பது மூன்றல்ல, இரண்டு. சீட்டே தடை செய்யப்பட்டது. ஒரே வரியில் இத்தனை தப்பைத் திணித்ததுதான் ஜோக். இதைப் பார்த்ததும் "மூன்று இல்லீங்க, இரண்டு" என்று திருத்தப் போகிறவர்தான் அதில் மாட்டிக்கொள்பவர். அதனால் ஒரு தப்பான மேற்கோளைக் கண்டால், அது அறியாமையா வேண்டுமென்றே செய்ததா என்று முதலில் யோசியுங்கள்.

நான்காம் படி: ட்ராப் கார்டு

"நீ என் ட்ராப் கார்டை ஆக்டிவேட் பண்ணிட்டே!" என்ற வரியைக் கேட்காதவர் குறைவு. கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் விதிப்படி அது கோணல். ஆக்டிவேட் செய்வது சீட்டின் சொந்தக்காரர். எதிராளி செய்வது தூண்டுவது மட்டும். ஆனால் அந்தக் கோணலில்தான் அதன் சுவையே இருக்கிறது: நீயாகவே வந்து விழுந்தாய்.

ட்ராப் சீட்டை முதலில் கவிழ்த்து வைக்க வேண்டும். வைத்த அதே சுற்றில் திருப்ப முடியாது. எதிராளியின் சுற்றில் அவர் ஏதாவது செய்யும்போது திறக்கலாம். உதாரணம் மிரர் ஃபோர்ஸ்: எதிராளி தாக்குதல் அறிவித்த கணத்தில் திறந்தால், தாக்கும் நிலையில் நிற்கும் அவருடைய எல்லா அரக்கர்களும் அழியும். ஆக, முன்கூட்டியே வைத்த பொறி, எதிராளி தானே எடுத்த முடிவு, அதற்கு மேல் விழும் அடி, மூன்றும் இருந்தால்தான் இந்த மேற்கோள் பொருந்தும். திடீர் அதிர்ச்சிக்கெல்லாம் போட்டால் சப்பென்று இருக்கும்.

ஊனோ ரிவர்ஸ் சீட்டோடு இதைக் குழப்பாதீர்கள். "நீதான் முட்டாள்" என்றவருக்கு அதையே திருப்பிக் கொடுப்பது ஊனோ. அந்த வேலைக்கு யூ-கி-ஓவிலேயே சீட்டு வேண்டுமென்றால் மேஜிக் சிலிண்டர் இருக்கிறது. தாக்குதலைத் தடுத்து, அந்த அரக்கனின் பலம் முழுவதையும் எதிராளியின் லைஃபிலேயே இறக்கும்.

ஐந்தாம் படி: டப்பிங் வெட்டிய இடங்கள்

"ஷேடோ ரியால்முக்கு அனுப்பிட்டாங்க" என்றால் இன்று ஆங்கில இணையத்தில் ஆளை பிளாக் பண்ணிவிட்டார்கள், வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள், போட்டியில் நசுக்கிவிட்டார்கள், எது வேண்டுமானாலும் இருக்கலாம். இந்த நிழலுலகம் டப்பிங்கில் ஊதிப் பெருக்கப்பட்ட ஒன்று. ஜப்பானிய மூலத்தில் சாவும் காயமும் நேரடியாக வரும். அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியில் அதைக் காட்ட முடியாததால் மனசு நிழலுலகத்துக்குப் போகும் என்று மாற்றினார்கள். வில்லன் பாண்டோராவுடன் யூகிக்கு நடக்கும் மோதல் நல்ல உதாரணம், டப்பிங்கில் அவன் பெயர் ஆர்கானா. மூலத்தில் தோற்பவரின் கால்களை நோக்கிச் சுழலும் ரம்பம் நகர்ந்து வரும். டப்பிங்கில் அதே ரம்பம் ஒளிவட்டமாகி, மனதை நிழலுலகத்துக்கு அனுப்பும் கருவியானது.

அடியாட்கள் வெறும் விரலை நீட்டி ஒருவரை மிரட்டும் அபத்தமான படம் கண்ணில் பட்டால் அதுவும் இதே கதை. கையிலிருந்த துப்பாக்கியை அழித்துவிட்டு விரலை விட்டுவிட்டார்கள்.

பெயர் மாற்றத்திலும் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. மூன்று எகிப்திய தெய்வச் சீட்டுகளில் ஒன்றின் மூலப் பெயர் ஒசைரிஸ். ஆங்கிலத்தில் அது ஸ்லைஃபர். எகிப்தியப் புராணத்தில் அப்படி ஒரு தெய்வத்தைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். ஃபோர்கிட்ஸ் தயாரிப்பாளர் ராஜர் ஸ்லைஃபரின் பெயர் அது. ஒபெலிஸ்கும் ராவும் தப்பித்தன.

ஆறாம் படி: ஜப்பானியப் பக்கம்

ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் தவறவிடுவது இங்கேதான் அதிகம். தேடும்போது மூலப் பெயர்களை வைத்துக்கொள்ளுங்கள்: யூகியின் நண்பன் ஜோயி என்றால் ஜோனோஉச்சி, தோழி டேயா என்றால் அன்ஸு, எதிராளி வீவில் என்றால் ஹகா. டப்பிங் பெயரில் தேடினால் ஜப்பானிய மீம் ஒன்றும் வராது.

கட்டாயம் தெரிய வேண்டியவை இரண்டு. முதலாவது, "போதும் நிறுத்து! ஹகாவின் லைஃப் எப்பவோ பூஜ்யம் ஆகிடுச்சு!" கோபம் தலைக்கேறிய யூகி, ஆட்டம் முடிந்த பிறகும் சீட்டை இழுத்து இழுத்து ஹகாவை அடித்துக்கொண்டே இருக்கிறான், அன்ஸு பாய்ந்து பிடித்துக் கத்துகிறாள். ஹகாவின் பெயரை எடுத்துவிட்டு அடிவாங்கும் எவர் பெயரையும் போடலாம். ஒரே ஆளை ஊரே சேர்ந்து திட்டும்போதும், 9-0 என்று தோற்கும் அணியைப் பார்க்கும்போதும் இது வரும். அந்தக் காட்சியிலிருந்தே பிறந்த "எப்பவும் என் சுற்றுதான்" என்பது, மற்றவருக்கு வாய்ப்பே தராமல் ஆடுபவரைச் சொல்வது.

இரண்டாவது, 'ஜோனோஉச்சி சாகிறான்'. 126ஆம் அத்தியாயத்தின் தலைப்பு இது. அதற்கு முந்தைய வார முன்னோட்டத்தில் அன்ஸு, செத்துவிடாதே, இதைத் தாண்டினால் ஜெயித்துவிடலாம் என்று உருக்கமாகக் கெஞ்சுகிறாள். அடுத்த மூச்சில் அதே குரல் தலைப்பை வாசிக்கிறது: "அடுத்து, ஜோனோஉச்சி சாகிறான். டூயல் ஸ்டாண்ட்பை!" தலைப்பிலேயே முடிவைப் போட்டு உடைக்கும் எதற்கும் ஜப்பானியர்கள் இதைச் சொல்வார்கள். மொழி தெரியாமலும் சிரிக்க முடிகிற மீம்களில் இதற்கு முதலிடம் தரலாம்.

"என் சுற்று, இழுக்கிறேன்!" என்ற முழக்கத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: 2014இல் வந்த விதி மாற்றத்துக்குப் பிறகு, ஆட்டத்தைத் தொடங்குபவர் முதல் சுற்றில் சீட்டு இழுக்க முடியாது.

மோட்டார் சைக்கிளில் சீட்டாடும் படம் வந்தால் அது 2008இல் தொடங்கிய ஃபைவ்டீஸ் என்ற பிந்தைய தொடர். விளக்கமெல்லாம் தேவையில்லை, பைக்கில் போய்க்கொண்டே சீட்டாடுகிறார்கள்.

ஏழாம் படி: நீங்களே ஒரு சீட்டு செய்ய

மீம் சீட்டு செய்து தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் கிடைக்கும். கருவி தவறைத் திருத்தாது, அதனால் கீழே உள்ளவற்றைச் சரிபாருங்கள்.

நிறம்தான் முதலில் கண்ணில் படும். சக்தி எதுவும் இல்லாத அரக்கன் மஞ்சள், சக்தியுள்ளவன் ஆரஞ்சு, மந்திரம் பச்சை, ட்ராப் ஊதா கலந்த சிவப்பு, இரண்டு அரக்கர் இணைந்த ஃபியூஷன் கத்தரிப்பூ நிறம், சடங்கு வகை நீலம். நண்பரின் சோம்பேறித்தனத்தைக் கிண்டல் செய்யப் போகிறீர்கள் என்றால் மஞ்சள் போடுங்கள்: சக்தி ஒன்றும் இல்லை, வெறும் வர்ணனை மட்டும். அந்த வர்ணனை சாய்வெழுத்தில் இருக்க வேண்டும்.

நட்சத்திர எண்ணிக்கைக்கும் பொருள் உண்டு. 4 வரை நேரே இறக்கலாம். 5, 6 என்றால் களத்திலுள்ள ஒரு அரக்கனைப் பலி கொடுக்க வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டு. 'திங்கட்கிழமை காலை எழுந்திருத்தல்' என்று சீட்டு செய்து 8 நட்சத்திரம் போட்டால், இறக்குவதற்கு இரண்டு பலி தேவை என்று தெரிந்தவர் சிரிப்பார். தாக்குதல் பலம் நீலக்கண் டிராகனுக்கே 3000தான். 99999 என்று போட்டால் ஜோக் அங்கேயே செத்துவிடும்.

சக்தியை எழுத ஒரு வாய்ப்பாடு 2011 முதல் இருக்கிறது. நிபந்தனை முடிந்ததும் முக்காற்புள்ளி, விலை முடிந்ததும் அரைப்புள்ளி, பிறகு விளைவு. "எதிராளி ‘ஒரு நிமிஷம்’ என்று சொன்னால்: உன் டீயைக் கொடுத்துவிடு; அவர் 40 நிமிடம் பேசுவார்." இந்த வறட்டுச் சட்ட மொழியை அப்படியே பிடித்தால் பாதி வேலை முடிந்தது.

அச்சிடுவதானால் அளவு 59க்கு 86 மில்லிமீட்டர். போகிமானும் மேஜிக்கும் 63க்கு 88, அந்த அளவில் அடித்தால் கையில் வாங்கியதுமே போலி என்று தெரிந்துவிடும். ஏ4 தாளில் மூன்றுக்கு மூன்று என ஒன்பது அடங்கும். பிரிண்டர் அமைப்பில் 'ஃபிட் டு பேஜ்' தேர்வாகி இருந்தால் சீட்டு அளவு மாறிவிடும். 100 சதவீதம் என்று வைத்து, முதலில் சாதாரணத் தாளில் ஒன்று அடித்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். பிறகு 300 ஜிஎஸ்எம் அட்டைக்குப் போகலாம். ஸ்லீவ் (சீட்டு உறை) வாங்கும்போது 62க்கு 89 என்ற சின்ன அளவைக் கேட்டு வாங்குங்கள்; பெரியதில் சீட்டு உள்ளே ஆடிக்கொண்டே இருக்கும். பின்பக்கத்தில் அசல் சீட்டின் பழுப்புச் சுழலை அச்சிடாமல் வெறுமையாக விடுங்கள். அசல் சீட்டுகளோடு கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது கஷ்டம், விற்பனைக்குப் போனால் கொனாமியின் காப்புரிமையோடு மோதல்.